உறங்கும்போதும் ஈட்டுமாம் தன்னியக்கி!

பாடுபடாமல் பணம் வரும் என்று எவன் சொல்கின்றானோ, அவன் பிறர் பாட்டின்மேல் கைவைக்க வந்தவன் என்றே கொள்க. தலைமுறைதோறும் அவன் வருகின்றான். போர்த்துவரும் போர்வைதான் வேறு. முன்னொருகால் தேக்குமரம் என்றான். பின்னொருகால் ஈமுக்கோழி என்றான். அண்மையில் பொன் என்றான். ஆருத்திரா என்னும் பொன்வணிக நிறுவனத்தின்மேல் 2022-இல் தமிழ்நாட்டுக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு தொடுத்த வழக்கை நினைக. திங்களுக்கு 25 முதல் 30 விழுக்காடு வரை வட்டி தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ ஓரிலக்கம் பேரிடம் 2,438 கோடி உருபா திரட்டினர் என்பது குற்றச்சாட்டு. கொடுத்தவர் பெரும்பாலும் யார்? மகள் திருமணத்துக்கும் மகன் படிப்புக்கும் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களே.

இப்பொழுது அவன் கையில் கணிப்பொறி இருக்கின்றது. ‘நிரல் எழுத முன்னறிவு வேண்டா, இரண்டு கிழமை பயின்றாற் போதும். கிரிப்டோக் காசின் விலை ஓரிடத்திற் குறைவாகவும் மற்றோரிடத்தில் மிகுதியாகவும் இருக்கின்றது. குறைந்த இடத்தில் வாங்கி மிகுந்த இடத்தில் விற்கும் தன்னியக்கி ஒன்றை எழுதிவிட்டுப் படுத்துக்கொள். நீ உறங்கும்போதும் அஃது ஈட்டும்’ என்கின்றான். இச்சொல், காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்திற் குழித்தறியிற் காலிறக்கி அமர்ந்திருக்கும் தந்தையின் காதில் விழுவதில்லை. கல்லூரியிற் பயிலும் மகனின் கைப்பேசியில் விழுகின்றது. பத்து நாளோ இருபது நாளோ இருவர் அமர்ந்து நெய்தால்தான் ஒரு புடைவை தறியைவிட்டு இறங்கும் என்னும் வீட்டிற் பிறந்தவனுக்கு, ‘நொடிக்கு ஒரு வணிகம்’ என்னும் பேச்சு எத்துணை இனிக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. அவ் இளைஞனை எள்ளுவதன்று நோக்கம். அவனை ஏய்ப்பவன் எங்கு நின்று ஏய்க்கின்றான் என்பதைக் காட்டுவதே நோக்கம்.

பெயர்களை முதலில் தெளிவாக்கிக் கொள்ளுதல் நன்று. பொருள் விளங்காத பெயரிலேதான் ஏய்ப்புக் குடியிருக்கும். கிரிப்டோ என்பது மறைகுறிக் கணக்கால் காக்கப்பெறும் காசு. கையிற் பிடிக்க இயலாத, கணக்கேட்டில் மட்டுமே வாழும் காசு. அதனை மறைக்காசு எனலாம். 2009 சனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்காயின் அவ்வகையில் முதலாவது. (இந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறுகாசுகளுக்கு ஆங்கிலேயர் ‘கேசு’ என்று பெயரிட்டது, தமிழின் ‘காசு’ என்னும் சொல்லைப் போர்த்துக்கீசியர் வழியே பெற்றுத்தான். சொல்லைக் கொடுத்த இனத்தின் பிள்ளை, இன்று காசைப் பற்றிய பாடத்தைப் பொருள் விளங்காமல் ஆங்கிலத்தில் உருப்போடுகின்றான்!) ஆர்பிட்ரேச் என்பது விலையிடை வணிகம்: ஒரே பொருளுக்கு ஒரே வேளையில் ஈரிடத்து விலைக்கும் இடையே நிற்கும் வேறுபாட்டை ஊதியமாக்கிக் கொள்ளுதல். ‘பாட்’ என்பது தன்னியக்கி: மறைக்காசை வாங்கி விற்கும் மாற்றகங்களிடம் நொடிதோறும் விலை கேட்டு, ஒப்பிட்டு, வாங்கவும் விற்கவும் தானே ஆணையிடும் நிரல்.

இவற்றுள் மாயம் ஏதுமில்லை. விலை கேட்டு ஒப்பிட்டு ஆணையிடும் எளிய நிரலைப் பைத்தான் மொழியிற் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம். தொடக்கநிலை மாணவன் இரண்டு கிழமையில் எழுதிவிடுவான் என்பதும் பொய்யன்று. பொய் அடுத்த சொல்லில் இருக்கின்றது. ‘அஃது ஈட்டும்’ என்பதில் இருக்கின்றது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வெளிச்சமாகும். ஒரு மாற்றகத்தில் 1,00,000 உருபாவுக்குக் கிடைக்கும் மறைக்காசு மற்றொரு மாற்றகத்தில் 1,00,600 உருபாவுக்கு விலைபோகின்றது என்று கொள்க. திரையில் 600 உருபா மின்னுகின்றது. தொடக்கநிலையானின் நிரல் இவ்விடத்தில் ‘வாங்கு, விற்பாய்’ என்று ஆணையிடும். வாங்குகையில் ஒரு கட்டணம், விற்கையில் ஒரு கட்டணம். நூறு உருபாவுக்கு இருபது காசு என்று குறைவாகவே வைத்தாலும் ஈரிடத்துக்கும் சேர்த்து 401 உருபா. அக்கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி. அது 72 உருபா. எஞ்சியது 127. அடுத்து வருமான வரி. 2022 ஏப்பிரல் 1 முதல் மறைக்காசின் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி. அவ்வரியின்மேல் 4 விழுக்காடு தீர்வை. வாங்கிய விலையைத் தவிர வேறெச் செலவையும் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே வரி 127 உருபாவுக்கு அன்று. மின்னிய 600 உருபாவுக்கு. அது 187 உருபா. கூட்டிக் கழித்துப் பார்த்தால், 600 உருபா ஆதாயம் என்று திரை காட்டிய வணிகத்தில் 60 உருபா கைப்பிடித்தம்!

இஃதோடு நின்றதா? இல்லை. 2022 சூலை 1 முதல், விற்ற தொகையில் நூற்றுக்கு ஒன்று அவ்விடத்திலேயே பிடிக்கப்பெறுகின்றது. ஆதாயத்தில் அன்று, விற்ற முழுத் தொகையில். ஆண்டு முடிந்து கணக்குக் காட்டினால் மிகைப்பிடித்தம் திரும்ப வரும் என்பது உண்மையே. ஆனால் தன்னியக்கி ஆண்டு முடியும்வரை காத்திருப்பதில்லையே! ஓரிலக்கம் உருபாவை வைத்துக்கொண்டு ஆதாயமும் இழப்புமின்றி அது வாங்கி விற்றுக்கொண்டே இருந்தால், நூறாவது விற்பனைக்குப் பின் அதன் கையிற் புழங்கும் முதல் 36,600 உருபா. மூன்றில் இரண்டு பங்களவு முடங்கிப்போயிற்று. விரைவே அதன் வலிமை என்று விற்றார்கள். விரைந்து ஓட ஓட அது மெலிகின்றது. மேலும், ஒரு வணிகத்தில் நேர்ந்த இழப்பை மற்றொரு வணிகத்தின் ஆதாயத்திற் கழிக்கவும் வழியில்லை. பத்தில் ஆறு வென்று நான்கு தோற்றால், வென்ற ஆறில் அரசு பங்காளி. தோற்ற நான்கில் அவன் தனியாள்.

‘அப்படியாயின் அயல்நாட்டு மாற்றகத்துக்குப் போ’ என்பான் ஏய்ப்பவன். இந்நாட்டில் வாழ்பவன் எந்நாட்டு மாற்றகத்தில் ஈட்டினாலும் வரி உண்டு என்பதைச் சொல்ல மாட்டான். 2023 திசம்பர் 28 அன்று, பைனான்சு உள்ளிட்ட ஒன்பது அயல்நாட்டு மாற்றகங்களுக்கு, இந்தியச் சட்டப்படி பதிந்துகொள்ளாமல் இயங்குவதற்கு விளக்கங்கேட்டு நடுவணரசின் நிதிநுண்ணறிவுப் பிரிவு அறிவிக்கை விடுத்ததையும், அடுத்த திங்களிலேயே அத்தளங்கள் இங்கு முடக்கப்பெற்றதையும் சொல்ல மாட்டான். முதலை அங்கு இட்டு வைத்திருந்தவன் அன்றிரவு எப்படி உறங்கியிருப்பான்? அவனுடைய தன்னியக்கி ஒருகால் உறங்கியிருக்கும்.

வேறுபாடு ஏன் நிற்கின்றது என்று கேட்கத் தெரியாதவனே அதனை அள்ள ஓடுகின்றான். 2018 சனவரியில் தென்கொரியாவிற் பிட்காயினின் விலை, பிற நாட்டு விலையினும் 40 விழுக்காட்டுக்கு மேல் ஏறி நின்றது. உலகெங்குமுள்ள தேர்ந்த நிரலர் அனைவரும் அதனைக் கண்டனர். கண்டும் ஏன் அது கரைந்துவிடவில்லை? கொரியாவில் விற்றுப் பெற்ற அந்நாட்டுப் பணத்தை எல்லைக்கு வெளியே கொண்டுவர அந்நாட்டுச் சட்டம் எளிதில் விடவில்லை, அதனால்தான். அந்த 40 விழுக்காடு கேட்பாரற்றுக் கிடந்த கொழுவிய ஊதியமன்று. அது மதிலின் உயரம். மதிலைக் காணாமல் அதன்மேற் காய்த்துத் தொங்கும் பழத்தை மட்டுங் காட்டுகின்றவன் தோட்டக்காரன் அல்லன்.

மதில் இல்லாத இடத்திலோ வேறுபாடே நிற்பதில்லை. மாற்றகத்தின் கணிப்பொறிக்கு அருகிலேயே தம் கணிப்பொறியை நிறுத்தி, நொடியை ஆயிரங் கூறிட்டு அதிலொரு கூற்றில் வாங்கி விற்கும் பெருநிறுவனங்கள் அதனைத் துடைத்து வழித்துவிடுகின்றன. அவை விட்டுவைத்த வேறுபாடு ஒன்று காஞ்சிபுரத்து வீட்டிணைப்பின் வழியே ஒருவன் கண்ணிற் படுகின்றதென்றால், அதனை அவை ஏன் விட்டுவைத்தன என்பதே அவன் கேட்க வேண்டிய முதல் வினா. விலை பழையதாய் இருக்கலாம். அவ்விலைக்கு விற்கக் காத்திருப்பவரிடம் நூறு உருபாப் பொருளே இருக்கலாம். அம் மாற்றகம் வெளியே எடுக்க விடாமற் கதவைச் சாத்தியிருக்கலாம்.

காசை இங்கிருந்து அங்குக் கொண்டுசெல்லும் நேரமும் உண்டு. பிட்காயினின் கணக்கேட்டில் ஒரு பக்கம் முடிய ஏறத்தாழப் பத்து மணித்துளி ஆகும். அதன்மேலும் ஓரிரு பக்கங்கள் முடிந்த பின்னரே மாற்றகம் ‘வந்து சேர்ந்தது’ என்று ஒப்புக்கொள்ளும். அதற்குள் விலை எங்கோ போய்விட்டிருக்கும். ஆகலின், இத்தொழிலில் உண்மையாக இறங்கியவர் காசைக் கொண்டுசெல்வதில்லை. இரண்டு மாற்றகங்களிலும் முன்கூட்டியே பணத்தையும் காசையும் இட்டு வைக்கின்றனர். அதாவது, முன்பின் அறியாத இருவர் வீட்டில் தம் முதலை ஒப்படைத்துவிட்டு, வாயிலில் நின்று விலை கூவுகின்றனர். இடர் விலையில் இல்லை. அவ் ஒப்படைப்பில் இருக்கின்றது.

அவ் இடர் எத்தகையது என்பதை 2024 சூலை 18 காட்டிற்று. இந்தியாவின் பெரிய மாற்றகங்களுள் ஒன்றான வசீர்எக்சில் ஊடுருவிய கள்வர் ஏறத்தாழ 23 கோடி அமெரிக்கத் தாலர் மதிப்புள்ள மறைக்காசைக் கொண்டு போயினர். களவுபோனவை சிலவகைக் காசுகளே. ஆயினும் முடங்கியவை எல்லாருடைய கணக்குகளும். சிங்கப்பூர் நீதிமன்றத்தில் இழப்புப் பங்கீட்டுத் திட்டம் ஒப்பப்பட்டு, 2025 அக்தோபரில் மாற்றகம் மீண்டுந் திறக்கும்வரை ஓராண்டுக்கு மேலாகத் தம் மறைக்காசை எடுக்க வழியின்றி மக்கள் காத்துக் கிடந்தனர். அவருட் சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்மணி, 2024 சனவரியில் 1,98,516 உருபா இட்டு 3,532.30 எக்சுஆர்பிக் காசுகளை வாங்கியிருந்தவர், சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். களவுபோன காசு வகையே வேறு, தம்முடையது அதுவன்று என்பது அவர் வழக்கு. 2025 அக்தோபர் 25 அன்று நீதியர் ஆனந்த் வெங்கடேசு, மறைக்காசும் ஒரு சொத்தே, ஒருவர் துய்க்கவும் பிறரிடம் பொறுப்பாக ஒப்படைக்கவும் உரியதே என்று கூறி, அப்பெண்மணிக்கு இடைக்காலப் பாதுகாப்பு வழங்கினார்.

இத்தீர்ப்பை ஏய்ப்பவர் தம் வாயிலில் தோரணமாகக் கட்டிக்கொண்டனர். ‘உயர்நீதிமன்றமே சொத்து என்று சொல்லிவிட்டது, இனி என்ன ஐயம்?’ என்கின்றனர். சொத்து என்றால் அதனைக் களவாடுவது குற்றம் என்று பொருள். அதனை வைத்திருப்பவன் ஈட்டுவான் என்று பொருளா? 2018 ஏப்பிரலில் இந்தியச் சேமவங்கி, மறைக்காசு வணிகருக்கு வங்கிகள் துணைசெய்யலாகாது என்று சுற்றறிக்கை விட்டதும், 2020 மார்ச்சு 4 அன்று உச்சநீதிமன்றம் அதனை நீக்கியதும் இத்தகையனவே. வணிகத்துக்குத் தடையில்லை என்றார்கள். வணிகத்திற் கேடில்லை என்று எவரும் சொல்லவில்லை. இந்நாட்டில் மறைக்காசு இன்றும் செலாவணிப் பணம் அன்று. கடைக்காரன் அதனை வாங்க மறுத்தால் கேட்க நாதியில்லை.

தொடக்கநிலையான் கிடக்கட்டும், தேர்ந்தவர் கதை என்ன? 2012 ஆகத்து 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிட்டல் என்னும் பங்குவணிக நிறுவனம் தன் தன்னியக்க நிரலைப் புதுப்பித்தது. எட்டுக் கணிப்பொறிகளுள் ஒன்றிற் புதுநிரலை ஏற்ற மறந்துவிட்டனர். அதில் என்றோ கைவிடப்பட்ட பழைய நிரல் ஒன்று விழித்துக்கொண்டு தன் போக்கில் வாங்கவும் விற்கவும் தொடங்கிற்று. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி தாலருக்கு மேல் இழப்பு; நிறுவனமே பிறர் கைக்குப் போயிற்று. ஆண்டுக்கணக்கிற் பயின்றோர், மேற்பார்வையாளர், ஆய்வாளர் எல்லாரும் சூழ நடந்தது இது. இரண்டு கிழமை பயின்றவனின் நிரலை யார் மேற்பார்ப்பார்? ஒரு காலை வாங்கி முடித்து, மறுகாலை விற்குமுன் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று அந்நிரலில் ஒரு வரியேனும் உண்டா?

விலையிடை வணிகத்தாற் பெரும்புகழ் ஈட்டியவன் என்று ஒருவனைக் காட்டுவர்: சாம் பேங்க்மன்-பிரீடு. 2017-இல் அலமேடா என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, அமெரிக்காவுக்கும் சப்பானுக்கும் இடையே பிட்காயின் விலையில் இருந்த வேறுபாட்டை ஊதியமாக்கினான். அதற்கும் நிரலறிவு மட்டும் போதவில்லை. சப்பானில் வங்கிக் கணக்கும், அங்கிருந்து பணத்தை நாள்தோறும் வெளிக்கொணரும் ஏற்பாடும் வேண்டியிருந்தன. அந்த ஊற்றும் விரைவில் வற்றிற்று. பின்னர் 2019-இல் எப்டிஎக்சு என்னும் மாற்றகத்தைத் தானே நிறுவினான். மக்கள் அங்கு ஒப்படைத்த பணம் அலமேடாவுக்குத் திருப்பிவிடப்பட்டது. 2022 நவம்பரில் மாற்றகம் கவிழ்ந்தது. 2024 மார்ச்சு 28 அன்று அவனுக்கு 25 ஆண்டுச் சிறை. இடைவிலையில் ஈட்டுவதினும் பிறர் ஒப்படைப்பில் கைவைப்பது எளிது என்பதை அத்துறையின் முதல்வனே கண்டுகொண்டான்!

இனி, நிரல் எழுதவும் வேண்டா, எழுதிய தன்னியக்கியே தருகின்றோம் என்பாரைக் காண்க. காஞ்சிபுரத்துச் சரிகைக்கு நெடுநாளாகப் பெயர்போன ஊர் குசராத்தின் சூரத்து. அம் மாநிலத்தானான சதீசு கும்பானி நிறுவியது பிட்கனெக்டு என்று அமெரிக்க அரசின் குற்றப்பத்திரிகை சொல்கின்றது. எங்களிடம் வணிகத் தன்னியக்கி உள்ளது, விலையின் ஏற்றத்தாழ்வை அளக்கும் மென்பொருள் உள்ளது, பணத்தைக் கடனாகக் கொடு, வட்டி பெறு என்றனர். 240 கோடி தாலர் உலகெங்கும் திரண்டது. 2018 சனவரியில் கடையைக் கட்டினர். அதனை அமெரிக்காவிற் பரப்பிய கிளன் ஆர்காரோ 2021-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தன்னியக்கியின் ஊதியம் என்று தரப்பட்டது பின்வந்தவன் இட்ட பணமே என்பது வழக்கின் சாரம். சூரத்துக் குற்றப்புலனாய்வுத் துறையின் வழக்கைத் தொடர்ந்து, 2025 பிப்பிரவரியில் நடுவண் அமலாக்கத்துறை 1,646 கோடி உருபா மதிப்புள்ள மறைக்காசைக் கைப்பற்றியது. உறங்கும்போதும் ஈட்டிய தன்னியக்கி எங்கே என்று கேட்டால், அஃது என்றும் எவர் கண்ணிலும் பட்டதில்லை.

இதனினும் நுட்பமான ஏய்ப்பு ஒன்று இப்பொழுது உலவுகின்றது. தொடக்கநிலை நிரலரையே குறிவைத்தது. ‘விலையிடைத் தன்னியக்கியை நீயே எழுது’ என்று யூடியூபில் ஒரு காணொலி. கனிவாகப் பேசும் முகம். சிலவற்றில் அம்முகமும் செயற்கை நுண்ணறிவு வரைந்தது. கீழே நன்றி கூறும் கருத்துரைகள் வரிசைகட்டி நிற்கும். ஒரு நிரலைத் தருவர். படியெடுத்து ஒட்டு என்பர். ஈதர் என்னும் மறைக்காசில் அரைக்காசேனும் இட்டு இயக்கு என்பர். ஒட்டியவன் விலையிடை வணிகம் நடக்கும் என்று காத்திருப்பான். நடப்பதோ, இட்ட காசு நேரே காணொலிக்காரன் பைக்குப் போதல் ஒன்றே. அவன் பையின் முகவரி அந்நிரலுள்ளேயே துண்டுதுண்டாக ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். இவ்வகையில் 9 இலக்கம் தாலருக்கு மேற் பறிபோனதை 2025 ஆகத்தில் சென்டினல்ஒன் என்னும் கணிப்பொறிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது.

ஒட்டியவன் ஏன் அதனைக் காணவில்லை? கண் இல்லாமலன்று, படிக்கவில்லை. படிக்காததற்குக் கரணியம் சோம்பல் மட்டுமன்று. பன்னிரண்டாண்டு பள்ளியில் ஆங்கிலத்தைப் பொருளறியாது பார்த்தெழுதிப் பார்த்தெழுதி, விளங்காத ஒன்றை விளங்காமலேயே படியெடுப்பது இவனுக்குக் கல்வி என்று பழக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு வரியையும் நிறுத்தி, ‘இவ்வரி என் மொழியில் என்ன சொல்கின்றது?’ என்று கேட்டிருந்தானாயின், ‘இருப்பு அனைத்தையும் இம் முகவரிக்கு அனுப்புக’ என்னும் வரியில் கை நின்றிருக்கும். தமிழிற் சொல்லத் தெரியாத வரியை இயக்காதே என்பது மொழிப்பற்று மட்டுமன்று. பணப்பைக்குப் பூட்டும் அதுவே. மாற்றகத்தின் கதவைத் திறக்கும் மறைச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி, அந்நிரலை ஊரறியப் பொதுத்தளத்திற் போட்டுவிட்டு முதலை இழந்தோரும் உளர். வீட்டுத் திறவுகோலை வாயிற்படியில் வைத்துவிட்டுக் கோலத்தின் அழகைப் பார்த்து நின்ற கதை அது.

‘இவர்கள் பழமைவாணர், கணிப்பொறிக்குப் பகைவர்’ என்று ஒரு கூட்டம் சொல்லும். காஞ்சிபுரத்து நெசவன் கணிப்பொறிக்குப் பகைவனா? கணிப்பொறியின் பாட்டனே அவன் தலைக்குமேல் தொங்குகின்றது! கரையிலும் முந்தானையிலும் அன்னத்தையும் மயிலையும் ஏற்றச் சக்காடுப் பெட்டியை அவன் பூட்டுகின்றான். பிரெஞ்சுக்காரனான சக்கார்டு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த அமைப்பு அது. கட்டத்தாளில் வரைந்த உருவைப் பார்த்து அட்டையில் துளையிடுவர். துளை இருந்தால் இழை ஏறும், இல்லையேல் ஏறாது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அத் துளையட்டையைத்தான் ஆங்கிலேயனான சார்லசு பாபேசு தான் திட்டமிட்ட கணிப்பு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டான். உண்டு, இல்லை என்னும் இரண்டே சொல்லால் பூவை நெய்யும் கலையைத் தாத்தாவின் தறியில் கண்டு வளர்ந்தவன், நிரலுக்குப் புதியவன் அல்லன். கோர்வைப் புடைவையில் உடலும் கரையும் வேறுவேறு நிறமாய், மூன்று நாடாக்கள் ஓடி, ஒவ்வோர் ஊடையிலும் பூட்டிக்கொள்ளும் ஒழுங்கைக் கண்டவனுக்கு, இரண்டு நிரல்கள் ஒன்றுக்கொன்று காத்திருந்து நடக்கும் ஒழுங்கு எளிதில் விளங்கும். கூலிப்பாடத்தை உருப்போட வேண்டிய தேவை அவனுக்கு இல்லை.

விலையிடையும் அவனுக்குப் புதிதன்று. அதன் நடுவிலேதான் அவன் பிறந்தான். நெய்தவன் பெறும் கூலிக்கும், அதே புடைவை சென்னைக் கடைத்தெருவில் விலைபோகும் தொகைக்கும் இடையே நிற்கும் வேறுபாட்டைத் தந்தை வாழ்நாளெல்லாம் கண்டிருக்கின்றார். அதனை ஈட்டியவர் அவர் அல்லர், அவ்வளவே. பூம்புகார் வணிகர் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் இருந்தனர் என்று பட்டினப்பாலை பேசுகின்றது. அந்த நடுவுநிலை வழுவிய இடத்தில் நின்றுதான் நெசவாளர் கூட்டுறவுக் கழகங்கள் பிறந்தன. அண்ணாவின் பெயரிலும் முருகன் பெயரிலும் காஞ்சிபுரத்திற் பட்டுக் கூட்டுறவுக் கழகங்கள் எழுந்தது, இடைவிலையில் நெய்தவனுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றுதான். கிடைத்ததா, எவ்வளவு கிடைத்தது என்பது வேறு வழக்கு. அதைக் கழக உறுப்பினரே நன்கறிவர்.

நிரல் கற்ற நெசவாளன் மகனுக்கு அவ் இடைவிலையில் வேலை கிடக்கின்றது. காஞ்சிபுரத்திலேயே அரசின் அண்ணா பட்டுப் பரிமாற்றகம் இருக்கின்றது. தருமபுரியிற் பட்டுக்கூட்டுச் சந்தை இருக்கின்றது. கன்னட நாட்டு இராமநகரத்தில் ஆசியாவிலேயே பெரிதெனப்படும் கூட்டுச் சந்தை இருக்கின்றது. நடுவண் பட்டு வாரியம் கூட்டின் விலையையும் பட்டின் விலையையும் வெளியிடுகின்றது. 2025-இல் வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் சரிகை விலையும் உடன் ஏறிற்று. இவ்விலைகளை நாள்தோறும் திரட்டி, ஒரு புடைவைக்குப் பாவுக்கு எவ்வளவு, ஊடைக்கு எவ்வளவு, சரிகைக்கு எவ்வளவு, கூலிக்கு எஞ்சுவது எவ்வளவு என்று தமிழிற் காட்டும் நிரல் ஒன்று, விலையிடைத் தன்னியக்கியை எழுதும் அதே அறிவால் எழுதத்தக்கதே: விலை கேட்டல், ஒப்பிடல், வேறுபாட்டைச் சொல்லுதல். ஆணையிடும் இறுதி வரி ஒன்றுதான் இதில் இல்லை. பாவு எடுக்கும் நாளில் அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியிடம் கூலி பேசப் போகும் தந்தையின் பேச்சு வேறாக இருக்கும். அந்நிரலை இயக்க எந்த மாற்றகத்திலும் முதல் இட்டு வைக்க வேண்டுவதில்லை. எவனுக்கும் மறைச்சொல் கொடுக்க வேண்டுவதில்லை. பிழை நேர்ந்தால் திருத்தி மறுநாள் இயக்கிக்கொள்ளலாம்.